சமையலறை மேடையின் உயரம்

ஜூலை 4

என் அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை! போனில் பேசினால் சண்டையாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன். பட்டறையில் வேலை மந்தம் என்றதும் என் வீட்டுக்காரர் உளிப்பையைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்துவிட்டார். இங்கே தச்சர் வீட்டு அலமாரிக்குக் கதவில்லாமல் நான் பழைய போர்வையைத் தொங்கவிட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம், "சீசன் ஓயட்டும், பண்ணிடலாம்" என்பார். சீசன் ஓய்ந்தது, யோகம் உனக்கு அடித்தது. எனக்கு வயிறு எரிகிறது, மறைப்பானேன்.

உன் தங்கை

ஜூலை 9

அடி என் செல்லமே,

கோபித்துக்கொள்ளாதே. ஆர்டர் குவிந்திருக்கும்போது தச்சர்கள் நாலு ஆணியை அடித்துவிட்டு ஓடுவார்கள், உனக்குத் தெரியாததா? இப்போது மாப்பிள்ளை நின்று நிதானமாக இழைக்கிறார். மரமும் பார்த்துப் பார்த்து எடுத்தோம். பள்ளிச் சீருடையெல்லாம் தைத்துக் கொடுத்தாயிற்று, என் தையல் கடையும் காற்று வாங்குகிறது. அதனால் பக்கத்திலேயே இருந்து இப்படிச் செய்யுங்கள், அப்படிச் செய்யுங்கள் என்று சொல்ல முடிகிறது. கூடத்துக்குப் புது சோபா, சுவருக்கு இளம்பச்சை. பார்த்தால் அசந்துபோவாய்! சமையலறை மட்டும்தான் பாக்கி, அதை அவர் இஷ்டத்துக்கே விட்டுவிட்டேன்.

அவரைப் பற்றிக் கவலைப்படாதே. நன்றாகச் சாப்பிடுகிறார்.

ஆசையுடன் அக்கா

ஜூலை 13

அக்கா,

அவர் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று நீ எனக்குச் சொல்கிறாயா? சின்ன வயதிலிருந்தே புதுசு உனக்கு, பழசு எனக்கு. உன் சட்டையைப் போட்டேன், உன் செருப்பைப் போட்டேன், வாயைத் திறந்தேனா? இப்போது என் புருஷனுக்குக் கிடைக்கிற ஓய்வையும் நீயே எடுத்துக்கொள்கிறாய். அவர் கண்ணில் இந்த வீடும் படவில்லை, நானும் படவில்லை. அதுதான் என்னை அறுக்கிறது. அவரை அனுப்பிவிடு. இல்லையென்றால் இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன்.

தங்கை

ஜூலை 20

தங்கைக்கு,

சமையலறை முடிந்தது. மாப்பிள்ளையை பஸ் ஏற்றிவிடுகிறேன், அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

புது மேடையில் நின்று காய் நறுக்கிப் பார்த்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று, அவ்வளவு தாழ்வு. மேல்தட்டு என் மூக்கில் இடிக்கிறது. நீ என் தோளுக்குத்தான் வருவாய், நான் பனைமரம். "என்ன மாப்பிள்ளை, அளவே எடுக்கலையா?" என்று கேட்டேன். மனுஷர் மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சமையல்கட்டுன்னதும் அவ நிக்கிற மாதிரியே கையில வந்துடுச்சுங்க. எனக்கே தெரியல. பிரிச்சு மாத்திக் கொடுத்துடறேன்."

வேண்டாம் என்றுவிட்டேன்.

அன்று சாப்பிடும்போது உன் அத்தானிடம், "நான் எவ்வளவு உயரம்? கை வச்சுக் காட்டுங்க பாப்போம்" என்றேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எதுக்கு இப்போ?" என்றார். விடாமல் கேட்டதும் எங்கேயோ காற்றில் கையை நீட்டினார். அது என் உயரமில்லை.

உனக்கு எதற்கடி வயிற்றெரிச்சல்? அது இனி என்னுடையது. கொஞ்ச நாளைக்கு நீ இங்கே வராதே. அந்த மேடை உனக்குக் கச்சிதமாக இருக்கும். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அக்கா