பட்டாளத்துக் கம்பியில் காயும் சீருடை

பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் என் வீட்டின் பின்பக்கம் மகளின் ராணுவச் சீருடை காய்கிறது. துவைத்தும் போகாத அந்தச் சேற்று வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம்தான் வந்தது, நண்பா. வராமல் இருக்குமா? அது தொங்குவது, நீ இருந்தபோது கட்டிக்கொடுத்த கறுப்புத் தொலைபேசிக் கம்பியில்.

அந்தக் கம்பியால் நமக்குள் எத்தனை சண்டை! பட்டாளத்தில் இருவரும் தகவல் தொடர்புப் பிரிவு. புதுக் கருவி எது வந்தாலும் நான் வாயைப் பிளப்பேன். நீயோ கைப்பிடியைச் சுற்றினால் மணியடிக்கும் பழைய போனையும் கம்பிச் சுருளையும் விடவே மாட்டாய். "பட்டன் கூடக் கூடத் தொல்லையும் கூடும் லா. கம்பின்னா பேசவும் செய்யலாம், பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கும் நடக்கலாம்" என்பாய்.

குளுவாங் பக்கம் பயிற்சியில் ஒருமுறை போன் செத்துப்போனது. கோளாறு எங்கே என்று கம்பியைத் தடவிக்கொண்டே போனோம். அது ஒரு தோட்டத்து வீட்டின் பின்னால் போய் முடிந்தது. அதில் வரிசையாகக் காயும் சாரோங் கைலிகள். "அக்கா, இது பட்டாளத்து போன் லைனுங்க" என்று நீ கெஞ்சினாய். "இருங்க தம்பி, துணி காயட்டும்" என்றார் அந்த அம்மாள். நாமும் காத்திருந்தோம். உன் எளிய கருவியைச் சாரோங் ஜெயித்துவிட்டது என்று கடைசிவரை உன்னைக் கிண்டல் செய்தேன்.

போன வாரம் மகளின் குழு அதே பக்கம் பயிற்சிக்குப் போனது. அடைமழையில் ஆறு கரைபுரண்டுவிட்டது. வழிகாட்டும் புதுக் கருவிகளில் நீர் புகுந்து திரைகள் அணைந்துவிட்டன. குழுவோடு தொடர்பு இல்லை என்று முகாமிலிருந்து தகவல் வந்ததும் நான் போனை விட்டு நகரவில்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வரிசைகள்தானே. 

விடிந்ததும் அவளே பேசினாள். "அப்பா, வந்துட்டோம்பா. நான்தான் பிடிவாதமா பழைய போன் லைன் இழுத்துக்கிட்டுப் போனேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஐயோ, அலமாக், நடுவுல மரம் விழுந்து அதுவும் அறுந்துருச்சு. அறுந்த முனையைத் தேடிப் பிடிச்சு, கம்பியோடவே முகாமுக்கு நடந்து வந்தோம்."

"யாரும்மா சொல்லிக்கொடுத்தது?"

"நீங்களும் மாமாவும் போட்ட சண்டையைக் கேட்டுத்தானே வளர்ந்தேன்!"

போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். இந்தச் சண்டையில் தோற்றதைப் போல நிம்மதி எனக்கு எதிலும் கிடைத்ததில்லை. அதைச் சொல்லத்தான் நீ இல்லை.

இன்று அவள் முகாமுக்குத் திரும்ப வேண்டும். "அப்பா, யூனிபார்ம் காஞ்சிருச்சா? கிளம்பணும்" என்று உள்ளேயிருந்து கேட்கிறாள்.

"இரும்மா, துணி காயட்டும்" என்றேன்.

அது எப்போதோ காய்ந்துவிட்டது.