அமல் உங்கள் அடுப்பைப் பற்றவைக்கப் போகிறான்

அன்புள்ள அத்தான்,

சென்ட் லோரன்ட்டில் இந்த முறை பனி முந்திக்கொண்டு வந்துவிட்டது. அக்கா போன கிழமையே ஜன்னல்களுக்குப் பிளாஸ்டிக் ஒட்டிவிட்டாள். பேஸ்மென்ட்டில் இருக்கிற அந்தச் சின்ன ஜன்னலுக்கும்தான். உங்கள் ஆண்டு நினைவுப் பூசை வருகிறது. அதற்கு முன் உங்களோடு கதைக்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் தம்பி அமல் வசந்தத்தில் டொரொண்டோவை விட்டு இங்கே வந்துவிட்டான். அக்காவுக்குத் துணையாக உங்கள் வீட்டிலேயே இருக்கிறான். நல்ல பிள்ளை, ஆனால் பிடிவாதம் அப்படியே நீங்கள். படிக்குக் கீழே கிடந்த உங்கள் பியர் காய்ச்சும் சாமான்களைக் கண்டெடுத்ததிலிருந்து அவனுக்கு வேறு கதையே இல்லை.

டின்னில் வரும் பார்லிப் பாகைக் கரைத்துப் பியர் செய்துகொண்டிருந்தவரை உங்களுக்கு ஒரு தொல்லையும் இருக்கவில்லை. குசினி அடுப்பே போதும். பிறகு ஆசை வந்தது. "டின்னைக் கரைக்கிறதெல்லாம் ஒரு பியரோ? தானியத்திலை இருந்து செய்யோணும்" என்றீர்கள். உடைத்த பார்லியை வெந்நீரில் ஊறவைக்க, பார்க்குக்குக் கொண்டுபோகும் ஐஸ்பெட்டி வந்தது. வடித்த தண்ணீர் முழுவதையும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கொதிக்கவைக்கப் பெரிய பானையும் வந்தது. எந்த அடுப்பு என்பதில்தான் இரண்டு பேரும் பிடுங்குப்பட்டோம்.

அவ்வளவு பெரிய பானையைக் குசினி அடுப்பு கொதிக்கவைக்காது. கரண்டில் சூடாகும் பானை வாங்குவோம் என்றேன். தனி வயர் இழுக்க வேண்டும், வீட்டுக்காரன் விடமாட்டான் என்றீர்கள். வெளியில் வைத்தால் குழாய்த் தண்ணீர் உறைகிறது. கடைசியில், கோயில் திருநாளுக்குப் பின்வளவில் பிரியாணி போடுகிற காஸ் அடுப்பைக் கீழே பேஸ்மென்ட்டுக்கு இறக்கினீர்கள். கையில் நல்ல அடுப்பு இருக்கப் புதிது எதற்கு என்று சிரித்தீர்கள். நல்ல அடுப்புத்தான் அத்தான். ஆனால் வெளியில் எரிப்பதற்கென்று செய்தது.

உங்களைப் பேஸ்மென்ட்டிலிருந்து தூக்கிவந்த தீயணைப்புக்காரர் பிரெஞ்சில் சொன்னதை அக்காவுக்குத் தமிழில் சொன்னவன் நான். அந்த அடுப்பிலிருந்து வரும் நச்சுக்காற்று கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, பூட்டிய அறையில் ஆளை நித்திரையாக்கிக் கொன்றுவிடும் என்றார். அதைக் கண்டால் கத்துகிற கருவி ஒன்றைப் பூட்டச் சொன்னார். நான் வாங்கிக் கொடுத்தேன். வருகிறவர்கள் ஏன் எதற்கு என்று கேட்பார்கள் என்று அக்கா அதை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: "தம்பி, ஆர் கேட்டாலும் ஹார்ட் எண்டு சொல்லு. வீட்டிலை கசிப்புக் காய்ச்சிச் செத்தவர் எண்டு கோயிலிலை கதைக்க விடாதை." இந்த நாட்டில் தன் வீட்டில் தனக்குப் பியர் செய்வது குற்றமே இல்லை. ஆனால் நம் சனத்துக்கு வீட்டில் செய்தால் எல்லாம் கசிப்பு, கள்ளச்சாராயம்தானே?

ஹார்ட் என்ற அந்த ஒரு சொல்லை அமல் அப்படியே நம்பிவிட்டான். குடும்பத்தில் வருகிற நோய் என்று பயந்து இரண்டு தரம் இருதயத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டான். பொரியல் தொடுவதில்லை. காலையில் பனிக்குள் நடக்கிறான். பிறகு வந்து அந்தப் பேஸ்மென்ட்டில் உங்கள் அடுப்பைத் துடைத்து வைக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். பானை, ஐஸ்பெட்டி, நிரப்பிய காஸ் சிலிண்டர், எல்லாம் நீங்கள் வைத்த அதே இடத்தில்.

"அண்ணை தொடங்கினதை நான் முடிக்கிறன் மச்சான். சனிக்கிழமை காய்ச்சினால் ஆண்டுச் சாப்பாட்டுக்கு எல்லாருக்கும் ஊத்தலாம்."

"கதவு?"

"சாத்திப்போட்டுத்தான். வாசம் மேலை போனால் அண்ணி ஏசுவா."

அப்போது சொல்லிவிட்டேன் அத்தான். உங்களைக் கொன்றது இருதயம் இல்லை, இந்த அடுப்பு என்று. அவன் முகம் கறுத்துப்போயிற்று. "என்ர அண்ணை கசிப்புக் காய்ச்சிச் செத்தவர் எண்டோ சொல்லுறாய்?" என்றான். படியடியில் நின்று அக்காவைக் கூப்பிட்டான்.

அக்கா பாதிப் படி இறங்கி வந்தாள். அடுப்பைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "ஹார்ட்தான்" என்றாள். "உந்த வேலையை விடு அமல், கடையிலை வாங்குவம்" என்றும் சொன்னாள். இரண்டாவதை அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பிவிட்டாளா? அல்லது இன்னொரு சாவைவிடக் கோயில் வாய்தான் அவளுக்குப் பெரிதா?

அதனால்தான் இந்தக் கடிதத்தைத் தமிழ்ப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். தமிழ்க் கடை வாசலில் வெள்ளிக்கிழமை பத்திரிகையைக் கட்டுக்கட்டாக வைப்பார்கள், எல்லோரும் எடுத்துப்போவார்கள். ஊரே சொன்னால் அவன் நம்புவான். நேற்று அக்காவிடமும் சொன்னேன். "உது வந்தால் எனக்குத் தம்பி எண்டு ஒருத்தன் இல்லை" என்று போனை வைத்தாள். அழுதேன் அத்தான். ஆனாலும் கொடுக்கிறேன்.

வாசித்த பிறகும் அவன் கீழே இறங்கினால், சனிக்கிழமை விடியவே நானும் இறங்குவேன். அடித்தாலும் வெளியே போகமாட்டேன். என்னை உள்ளே வைத்துக்கொண்டு அவன் கதவைச் சாத்தட்டும் பார்ப்போம். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

அக்கா இனி என்னைத் தம்பி என்று கூப்பிடமாட்டாள். நீங்களாவது என்னை மச்சான் இல்லை என்று மறுக்காதீர்கள்.

என்றும் உங்கள் மச்சான்,
றெஜி