மின்விசிறியை நிறுத்தச் சொன்னவர்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். கழுத்துக் கட்டி வலிக்கிறதா? தொடாமலே சக்தி கொடுப்பவர் ஒருவர் கை காட்டினால் அங்கே வெதுவெதுப்பாகிறது என்று பயாப்ஸியைத் தள்ளிப்போட்டீர்களாம். அம்மா சொன்னாள்.

ஞாயிறன்று ஆழ்வார்பேட்டையில் அப்படி ஒருவரிடம் நானும் போனேன். மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, என் கழுத்தருகே உள்ளங்கையைக் காட்டினார். உண்மையாகவே வெதுவெதுப்பாக இருந்தது.

மறுநாள் என்னுடன் வேலை பார்க்கும் அஃப்ராவை அதேபோல் செய்யச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். விசிறி ஓடாதபோது அதே வெதுவெதுப்பு, ஓடியபோது ஒன்றுமில்லை. பிறகு எனக்குச் சொல்லாமல், கைக்குப் பதிலாக வெந்நீர்ப் பையைக் கழுத்தருகே காட்டினாள். அப்போதும் அதே சக்தி.

"இன்னாடி, உன் சாமியாரு இந்தப் பைக்குள்ளயா கீறாரு?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

நீங்கள் உணர்ந்தது பொய்யில்லை அப்பா. அது கையின் சூடு. கட்டி என்னவென்று அது சொல்லாது.

என் பழைய போர்வையை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இங்கே வாங்கியதில் தூக்கம் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறேன். சனிக்கிழமை பயாப்ஸிக்கு உங்கள் பெயரைப் பதிந்துவிட்டேன். நீங்கள் வர மறுத்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் நிவேதா