காயாத பசை

மார்ச் 3
அண்ணனின் காற்றுத் துப்பாக்கிக்கு இன்று ஆறு அம்பு செய்தேன். ஊசி, பசை வைத்து ஒட்டிய கம்பளி நூல் வால், அவ்வளவுதான். ஆனால் ஆறும் ஒரே கனம் இருக்க வேண்டும். பென்சில் மேல் ஸ்கேலை வைத்துத் தராசாக்கி, கனமானதன் வாலைக் கத்தரித்துக்கொண்டே வந்தேன். அட்டையில் ஆறும் ஒரு பொத்தான் அகலத்துக்குள் குத்தின.

"நான் செஞ்சா குடிகாரன் மாதிரி போகுது. உன் கைதான்டி கை!" என்றான் அண்ணன்.

மார்ச் 6
பக்கத்து வீட்டு டீச்சரின் நாய் குரைத்துக்கொண்டே இருக்கிறது. அண்ணனுக்குப் பரீட்சை. புத்தகத்தைச் சுவரில் எறிந்தான்.

மார்ச் 7
"பத்து வேணும். ஒண்ணுகூடப் பிசகக் கூடாது."

"எதுக்குண்ணா?"

"அந்த நாய் கண்ணுக்கு."

அம்மாவிடம் சொன்னேன். "உன்னைச் சீண்டுறான்டி. போய்ப் படி." அவன் கதவோரம் நின்று கேட்டிருக்கிறான். கையை முறுக்கினான். "இன்னொரு தடவை வாயைத் திறந்து பாரு." இன்னும் வலிக்கிறது.

மார்ச் 8
கோணலாகச் செய்து கொடுத்தால்? அது எங்கே போகும்? டீச்சர் நாய் வெளியே வரும் நேரத்தில்தான் கொடியில் துணி எடுப்பார். நாய் மேல் படாமல் அவர் முகத்தில் பட்டால்?

அம்பு கிளம்பவே கூடாது.

பசை காயாத அம்பு குழாயில் ஒட்டிக்கொள்ளும். முன்பு அவசரத்தில் அப்படி ஒன்று மாட்டி, தோண்டி எடுக்கப் பாதி நாள் ஆனது. இந்த முறை வாலுக்கு உள்ளே பசையை நிரப்பினேன். குழாயில் திணித்து அழுத்தினால்தான் கசியும். அவன் அட்டையில் சோதித்துப் பார்க்க, ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்து மேலே வைத்தேன்.

மார்ச் 9
சோதித்துவிட்டான். "சூப்பர்" என்றான். இப்போது அடுத்த அறையில், அடுத்த அம்பைப் போட்டுக்கொண்டு ஜன்னலில் காத்திருக்கிறான். நாய் வெளியே வரவில்லை. வராதே. இன்னும் கொஞ்ச நேரம் போனால் பசை குழாயில் இறுகிவிடும் —

துப்பாக்கி வெடித்துவிடுமா? அவன் முகத்திலேயே? ஐயோ, அதை நான் யோசிக்கவே இல்லையே. போய்ச் சொல்லிவிடவா?

'புஸ்' என்றது. அண்ணன் கெட்ட வார்த்தை சொல்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான்.

நாயும் குரைக்கிறது.

மார்ச் 11
குழாயையே மாற்ற வேண்டும் என்றாராம் துப்பாக்கிக் கடைக்காரர். "ஒண்ணும் வேணாம், படிக்கிற வழியைப் பாரு" என்றார் அப்பா.

சாப்பிட்ட பிறகு அண்ணன் மீதி அம்புகளை என் முன்னால் கொட்டினான். ஒன்றின் வாலை நகத்தால் பிரித்தான். உள்ளே பசை கட்டியாக இருந்தது. என்னையே பார்த்தான்.

"மிச்சத்தையும் பிரிச்சுப் பாரு. எல்லாம் அப்படித்தான்" என்றேன். அடிப்பான் என்று தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

தாழ்ப்பாள் போட்டுவிட்டு எழுதுகிறேன்.