கையுறையோடு என்னைத் தொட்டவளுக்கு

என் செல்லத் தங்கச்சி செல்விக்கு,

ஆஸ்பத்திரியில் மற்ற நர்ஸ்களைப் போல உன்னையும் மிஸ் என்றுதான் கூப்பிட்டேன். நீ என்னை அக்கா என்றாய். இனி மரியாதை எல்லாம் எதற்கு? நீ என்றே எழுதுகிறேன், கோவிக்காதே.

பன்றிக் காய்ச்சலில் மூச்சு முட்டி உங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது எனக்கு ஒரு வார்த்தை சிங்களம் வரவில்லை. ரப்பர் பால் ஏற்ற வரும் லொறிக்காரரோடு சிங்களத்திலேயே சண்டை பிடிக்கிறவள் நான். தமிழில் தண்ணீர் கேட்டு அழுதபோது, அது புரிந்து ஓடி வந்தவள் நீ ஒருத்திதான்.

ஓடி வந்தாய் என்று எழுதிவிட்டேன். எங்கே ஓடி வந்தாய்? வாசலிலேயே நின்று கை கழுவி, மேலங்கி போட்டு, முகமூடி கட்டி, கையுறை மாட்டி, அப்புறம்தான் வந்தாய். என்னைத் தொட்ட கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுத் திரும்பவும் கழுவினாய். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொட்டால் தீட்டு என்று நம்மைத் தள்ளி வைத்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் அல்லவா?

"என்னங்க மிஸ், எங்கள தொட்டா தீட்டுங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

நீ சிரித்தது கண்ணில் தெரிந்தது. "நானும் தோட்டத்து லயத்துப் புள்ளதாங்கக்கா. இதே கையோட அடுத்த கட்டிலுக்குப் போனா, அங்க உள்ளவங்களுக்கும் ஒங்க காய்ச்ச வந்துருமே" என்றாய். அதற்குப் பிறகு நீ எப்போது வருவாய் என்றே பார்த்துக் கிடந்தேன்.

நான் பிழைத்து வீடு வந்தேன். நீ அதே காய்ச்சலில் போய்விட்டாய். கரவனெல்லக் கடைத்தெருவில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலில்தான் உன் முழு முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். உன் பெயர், தாதி என்ற சொல், அந்தக் கண்கள். இத்தனை சின்னப் பெண்ணா நீ?

அவ்வளவு கவனமாக இருந்த உனக்கு எப்படி வந்தது, செல்வி? என்னிடமிருந்தா? டாக்டரைக் கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்கிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன ஞாயிறு கித்துல்கல பக்கம் உங்கள் லயத்தைத் தேடிப் போனேன். உன் அம்மா என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்றுதான் போனேன். "ஒங்க மக பாத்த நோயாளிங்கம்மா நான். என்னாலதான் அந்தப் புள்ளைக்கு வந்துச்சோன்னு..." என்று இழுத்தேன்.

அம்மா திட்டவில்லை. உன்னை மூடிய பெட்டியில்தான் கொண்டு வந்தார்களாம். குளிப்பாட்ட விடவில்லை, வாய்க்கரிசி போடவும் விடவில்லை. "கடைசியா ஒரு தடவ தொட்டுக்கக்கூட விடலையே தாயி" என்றவர், என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"இந்தக் கையத்தான என் புள்ள புடிச்சுச்சு?"

கையுறை போட்டுத்தான் பிடித்தாய் என்று நான் சொல்லவில்லை. "ஆமாங்கம்மா" என்றேன். அவர் வெகுநேரம் என் கைகளை விடவில்லை. என்னாலும் அழுகையை அடக்க முடியவில்லை.

உன் இடத்துக்கு வேறு தமிழ்ப் பிள்ளை யாராவது வந்திருக்கிறாளா? தெரியவில்லை. ஆனால் அம்மாவைத் தனியாக விடமாட்டேன். என் கை அவருக்கு வேண்டியிருக்கும் வரைக்கும் கித்துல்கல பஸ் ஏறுவேன். வாசல் பீலியில் கொட்டும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கொடுப்பேன், நீ பயப்படாதே.

உன் கூடப் பிறக்காத அக்கா,
ராசாத்தி