மஞ்சள் சீட்டுகள் நிரம்பிய டின்

இன்று பின்னேரம் மேசை லாச்சியைத் துப்புரவாக்கும்போது அந்தப் பிஸ்கட் டின் தட்டுப்பட்டது. திறந்தால் மஞ்சள் சீட்டுகள். மேலே கிடந்ததில் உன் கையெழுத்து: "இது ஒன்ட வேலை இல்லடி." அடிப்பாவி, எவ்வளவு வடிவான எழுத்து! இந்தக் கையை வைத்துக்கொண்டுதானே, தமிழ் எழுத வராது என்று காப்புறுதிக் கம்பனி முழுவதையும் ஏமாற்றினாய்.

எங்கள் கிளையில் தமிழர் நீயும் நானும்தான். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கடிதம் வந்தால் மனேஜர் அதில் மஞ்சள் சீட்டொன்றை ஒட்டி, சிங்களத்தில் மொழிபெயர்க்க என் மேசையில் வைப்பார். "நங்கி, பொட்டக் பலன்ன" என்பார். தங்கச்சி, கொஞ்சம் பாருங்கோ என்று எவ்வளவு மரியாதை! எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். நீயோ உன் கோப்புகளிலிருந்து தலையே தூக்கமாட்டாய். தமிழச்சியாய்ப் பிறந்தும் வெட்கம் கெட்டவள் என்று, வெள்ளவத்தைக்கு பஸ் ஏறும்போதெல்லாம் உன்னை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். மன்னித்துக்கொள்.

மூன்றாவது வருடமும் பதவி உயர்வு எனக்குக் கிடைக்கவில்லை. என் மதிப்பீட்டில் "வேலை தாமதம்" என்று மனேஜர் எழுதியிருந்தார். நான் மந்தம்தான் என்று நானே நம்பிவிட்டேன். வீட்டில்கூடச் சொல்லாமல், சாப்பாட்டு அறையில் உன்னிடம் சொல்லி அழுதேன். உனக்கு வந்ததே கோபம்!

"மந்தமா? ஒன்ட நேரத்த எடுத்துட்டு, லேட் எண்டு ஒனக்கே எழுதுறாங்க. வேற யார்ட மேசையிலயாவது இப்பிடிச் சீட்டு ஒட்டுறாங்களாடி?"

"அவர் நல்ல மனுசன்..."

"நல்ல மனுசன்தான். அதாலதான் ஒனக்கு விளங்கல்ல."

அன்றிலிருந்து சீட்டுகளை எறியாமல் டின்னில் போடச் சொன்னாய். டின் நிரம்பியதும் என் கையைப் பிடித்து மனேஜரின் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாய். அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். நான் விரும்பிச் செய்கிறேன் என்றல்லவா நினைத்தாராம். நீதான் சிங்களத்தில் கேட்டாய், இவ்வளவு வேலையும் ஏன் ஒரு மதிப்பீட்டிலும் இல்லை என்று. பிறகு, "எனக்கும் தமிழ் எழுதத் தெரியும் சேர். தெரியாதெண்டு சொன்னதே இதுக்குப் பயந்துதான்" என்றும் சொன்னாய். எனக்காக உன் வேலையையே பணயம் வைத்தாய், கொட்டாஞ்சேனைக்காரி.

தலைமை அலுவலகத்துக்கு நாம் எழுதிய கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதனால் இதை நான்தான் உனக்குச் சொல்லவேண்டும். என் கோப்பிலிருந்து "தாமதம்" என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேலைக்கு வந்திருக்கிறார். உன் கதிரையில்தான் இருக்கிறார்.

இப்போதெல்லாம் யாராவது இனிக்க இனிக்கக் கதைத்து ஒரு வேலை தந்தால், முதலில் பக்கத்து மேசையைப் பார்க்கிறேன். அங்கேயும் அது போகிறதா என்று.

இன்று நாலு மணிக்கே என் கோப்புகள் எல்லாம் முடிந்துவிட்டன. கடிகாரத்தைப் பார்த்தேன். நம்பாமல் திரும்பவும் பார்த்தேன். அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் லாச்சியைத் திறந்தேன். உன் சீட்டை எடுத்து, உன் எழுத்துக்குக் கீழே எழுதிவைத்திருக்கிறேன்: "நான் மந்தமில்லையடி."