ஆறு தாண்டாத கவர்னர்

1873 ஜனவரி 14

மிசிசிப்பி உறைந்துவிட்டது. ஊரே பனிவண்டியில் அக்கரைக்குப் போய்வருகிறது. என் கணவர் ஆம்புரோஸ் மட்டும் போக முடியாது. அவர்தான் இந்த மாநிலத்துக் கவர்னர். அக்கரை வேறு மாநிலம். இவர் எல்லை தாண்டினால் அந்த நிமிடமே துணை கவர்னர் கிராட்டனுக்கு எல்லா அதிகாரமும் போய்விடும், சட்டம் அப்படி. கிராட்டனோ ரயில் கம்பெனியின் செல்லப்பிள்ளை. குடியானவர்களின் நிலத்தைக் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுக்கும் மசோதா சபையில் நிறைவேறி, சபாநாயகரிடம் படுத்துக் கிடக்கிறது. இவரிடம் வந்தால் நிராகரித்துவிடுவார். இவர் கிளம்பட்டும், கிராட்டனிடம் கையெழுத்து வாங்கலாம் என்று காத்திருக்கிறார்கள்.

எங்கள் லூயிசாவின் கல்யாணமோ அக்கரையில். மாப்பிள்ளையின் அம்மா இடுப்பு முறிந்து படுக்கையில் இருக்கிறாள். இங்கே மாற்ற வழியில்லை.

ஜனவரி 17

லூயிசா சாப்பிடவில்லை.

"அரை நாள்தானேப்பா! உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா?"

"அந்த அரை நாள்ல நானூறு குடும்பம் தெருவுக்கு வந்துரும்மா."

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். நான் யாரைத் திட்டுவது? சமையல்காரியைத் திட்டினேன். பாவம்.

ஜனவரி 19

கிராட்டன் கல்யாணப் பரிசோடு வந்தான். "அவசியம் போயிட்டு வாங்க சார், இங்க எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்று பல்லைக் காட்டினான்.

"பாத்துக்குவீங்கன்னு தெரியும். அதான் பயம்" என்றேன். இவர் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜனவரி 20

எல்லை நடு ஆற்றில்தானே ஓடுகிறது? பாதி ஆறு நம்முடையதுதானே! எனக்கு ஏன் இது முன்பே தோன்றவில்லை?

ஜனவரி 22

நில அளவைக்காரர் பனிக்கட்டியில் எல்லையைக் குறித்துக் கொடி நட்டுத் தந்தார். அப்பாவும் மகளும் கைகோத்து நடந்தார்கள். இவர் வழுக்கியபோதெல்லாம் மணப்பெண்தான் பிடித்து நிறுத்தினாள். கரையில் கிராட்டனின் ஆள் தொலைநோக்கியும் கையுமாக நின்றான்! கொடியருகே காத்திருந்த மாப்பிள்ளையிடம் இவர் அவள் கையைக் கொடுத்தார்.

"முத்தம் குடுக்கணும், கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சுக்கோம்மா."

அவள் சிரித்தாள், உடனே அழுதாள். நாங்கள் எல்லோரும் தாண்டிப் போனோம். இவர் மட்டும் அங்கேயே நின்று தொப்பியை ஆட்டினார் — தனியாக.

பிப்ரவரி 3

சபை முடிந்தால் மசோதா காலாவதியாகிவிடும், அந்த நாள் நெருங்கவே வேறு வழியில்லாமல் இவரிடம் அனுப்பினார்கள். காப்பி ஆறுவதற்குள் நிராகரித்துவிட்டார். அதை மீறி நிறைவேற்ற அவர்களுக்கு ஓட்டுப் போதவில்லை.

நவம்பர் 6

தேர்தலில் தோற்றுவிட்டோம். கிராட்டன்தான் அடுத்த கவர்னர். இவர் காப்பாற்றிய குடியானவர்களில் பாதிப் பேர் அவனுக்கே ஓட்டுப் போட்டார்களாம், வரியைக் குறைப்பேன் என்றானாம்! நன்றி கெட்ட ஜனங்கள்!

"நிலத்துப் பட்டா குடியானவங்க கைக்குப் போயாச்சு ஹெஸ்டர், இனிமே எவனும் தொட முடியாது. விடு" என்கிறார். எப்படி விடுவதாம்?

1874 ஜனவரி 9

காலையில் கிராட்டன் பதவியேற்றான். மதியம் நாங்கள் அக்கரைக்கு நடந்தோம். லூயிசாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நடு ஆற்றில் இவர் தன்னையறியாமல் நின்றுவிட்டார்.

"இப்ப நீங்க யாரும் இல்ல, வாங்க!" என்றேன்.

பேத்தியை வாங்கியவர் இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை. இன்று இங்கேயே தங்குகிறோம். நாளைக்கும்.